வெள்ளி மெடலின் பின்பக்கம்

இந்தக் காகிதம் யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். நாளை சாயங்காலம் விழா முடியும்வரையாவது காட்டாதீர்கள். அதற்குப் பிறகு ஊர் முழுக்கத் தண்டோரா போட்டாலும் எனக்குக் கவலையில்லை. முக்கியமாக என் பெரியப்பா கண்ணில் இது பட்டுவிடக் கூடாது. பட்டால் அம்மாவும் நானும் இந்த வீட்டில் இருக்க முடியாது. அப்பா போன பிறகு எங்களுக்கு வேறு வீடு இல்லை.

இனி எழுதுவது உனக்கு, அக்கா.

இன்று சாப்பிட்டுவிட்டுப் பெரியப்பா உன் பாட்டைப் பாடிக்கொண்டே கை கழுவினார். உன்னைப் பெற்ற அப்பா. அந்தக் கரகரத்த குரலில், தாளம் தப்பி,

"மீசை ஒண்ணு வாங்கி வந்தேன் பட்டை மண்டியிலே, அதை
ஒட்டி வைக்க இடமில்லியே இந்த மூஞ்சியிலே"

என்று பாடினார். அது நீ எழுதியது என்று அவருக்குத் தெரியாது. டூரிங் கொட்டகையில் படம் பார்த்துவிட்டு, அங்கே விற்ற பாட்டுப் புத்தகத்தையும் வாங்கிவந்து, நான்கு நாளாக அதே பாட்டுத்தான். துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "படம் ஜோராத்தான் இருக்குது. ஆனா அந்த மாதிரி பொண்ணு எந்த வூட்லயும் இருக்காது. சும்மா கத."

அம்மா குழம்புச் சட்டியைப் பிடித்தபடியே நின்றாள். கீழே வைக்கவும் இல்லை, உள்ளே எடுத்துப் போகவும் இல்லை. நான் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இந்த அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

நான் இருப்பது நீ கடைசியாகப் படுத்திருந்த அறை. அப்போது இதில் விறகும் பழைய சாக்குகளும் கிடந்தன, தாழ்ப்பாள் வெளியே இருந்தது. நான் பெரிய பெண்ணான பிறகு சுண்ணாம்பு அடித்து எனக்குப் படிக்கக் கொடுத்தார்கள், தாழ்ப்பாளை உள்ளே மாற்றிப் போட்டார்கள். என் முன்னால் சிம்னி விளக்கு, ஜியாமெட்ரி பெட்டி, உன் வெள்ளி மெடல். மெடல் சுற்றியிருந்த துணியை இன்றைக்குத்தான் பிரித்தேன். ஐந்து வருஷம் ஆகியும் அதில் அரிதாரமும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசம் போகவில்லை. உன்னை வீட்டுக்கு இழுத்துவந்த அன்று உன் கழுத்தில் இருந்த வாசம்.

நீ எப்படி ஆணானாய் என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. டைபாய்டு வந்து பிழைத்தாய் என்று உனக்குத் திருப்பதியில் மொட்டை போட்டார்கள். பதினேழு வயசு. பெண் பார்க்க வருகிறவர்கள் மொட்டைத் தலையைப் பார்த்துவிடக் கூடாது என்று, முடி வளரும்வரை திருப்பத்தூரில், காலமான பெரியம்மாவின் அண்ணன், உன் மாமா வீட்டில் விட்டுவைக்கப் பெரியப்பா முடிவுசெய்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடியிலிருந்து அவர் வேட்டியை உருவிக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து காட்டினாய்.

"சொல்லுடி, ஆம்பள மாதிரி இருக்கா?"

"கைய ஆட்டாத. பெரியப்பா மாதிரி நெஞ்ச தூக்கிக்கினு நட."

மறுபடி நடந்தாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியப்பாவே மீசையில்லாமல் நடந்துவருகிற மாதிரி இருந்தது. நீ சிரித்துவிட்டுச் சொன்னாய்: "ரொம்ப சுலபம்டி. உன்ன யாரும் பாக்கலன்னு நெனச்சிக்கினு நடந்தா போதும். அவங்க அப்படித்தான் நடக்கறாங்க."

அப்போது நான் நாலாம் வகுப்பு. அந்த வார்த்தை எனக்குப் புரியவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகும்போது தெருவில் ஒவ்வொரு நாளும் புரிகிறது.

திருப்பத்தூரில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுகிற கம்பெனி. அவர்களுடைய ஸ்திரீபார்ட் பையனுக்குக் குரல் உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, அரையங்குல முடியும் வேட்டியும் சட்டையுமாக நீ போய் நின்றாய். மாமாவிடம் ஆம்பூருக்குத் திரும்பிப் போகிறேன் என்று சொல்லிவிட்டாய். பெரியப்பா நீ மாமா வீட்டில் இருப்பதாக நினைத்தார், மாமா நீ இங்கே இருப்பதாக நினைத்தார். கடிதம் எழுதுகிற பழக்கம் இரண்டு வீட்டுக்கும் இல்லை. கம்பெனியில் பேர் என்ன என்று கேட்டதும் உனக்குப் பயத்தில் ஒன்றும் தோன்றவில்லை. குப்புசாமி என்று சொல்லிவிட்டாய். உன் அப்பா பேர். அதை நீ வாய்விட்டுச் சொன்னதே அன்றுதான் முதல் தடவை என்றாய்.

இதையெல்லாம் நீ எனக்குச் சொன்னது அந்தக் கம்பெனி நம் ஊருக்கே வந்தபோது. பள்ளிக்கூட வாசலில் கிராப்பு வைத்த ஒரு பையன், "ஏ பாப்பா, கொய்யாப்பழம் வேணுமா?" என்று கூப்பிட்டான். நான் ஓடப் பார்த்தேன். அவன் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நடந்தான். நான் நின்றுவிட்டேன்.

"வாத்தியாரு எனக்குப் பொடவ கட்ட கத்துக் குடுத்தாருடி!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "கொசுவம் தப்பாவே வரணுமே, அதுக்குத்தான் ரொம்ப கஷ்டப்பட்டேன். ஒரு வாரம் ஆச்சு 'கத்துக்க'. அப்புறம் வாத்தியாரு சொல்றாரு, 'டேய் குப்புசாமி, நெளிவு பத்தல. வீட்ல அக்கா தங்கச்சி இருந்தா பாத்துக் கத்துக்கடா' ன்னு."

அதைத்தான் நீ நாடகமாக எழுதிக்கொண்டிருந்தாய். ஆண் வேஷம் போட்ட பெண், பெண் வேஷம் கட்டப் படும் பாடு. சிவப்பு அட்டை நோட்டு. கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே மீசைப் பாட்டை எனக்கு மெதுவாகப் பாடிக் காட்டினாய். அதைக் கேட்ட முதல் ஆள் நான். நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடு என்றால் எனக்கு யாரும் இல்லை. ஆனாலும் அது உண்மை.

நாடகம் நடந்த அந்த ராத்திரியை நினைத்துப் பார். பெரியப்பா முதல் வரிசையில், தோல் டேனரியில் தன்னோடு வேலை பார்க்கும் மேஸ்திரிகளோடு. அம்மாவும் நானும் பெண்கள் பக்கம். நீ சேலை கட்டிக்கொண்டு அழுதுகொண்டே பாடினாய், கொட்டகையே அழுதது. ராஜபார்ட் ஆளைவிட உனக்குத்தான் ஒன்ஸ்மோர். திரை விழுந்ததும் பெரியப்பா எழுந்து நின்று சொன்னது எங்கள் பக்கம்வரை கேட்டது: "பொம்பளன்னா இவன்தாண்டா பொம்பள! நம்ம வூட்லயும் இருக்குதுங்களே. அதுவும் எம் பேருடா பையனுக்கு!"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு மெடல். ஊர்ப் பெரியவர் நடிகர் நெஞ்சில் மெடல் குத்துவது எல்லா நாடகத்திலும் உள்ள வழக்கம். மசூதித் தெருவில் இருக்கிற தோல் வியாபாரி சாயபு மேடைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெடலில் வெட்டியிருந்ததை மைக்கில் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். "மாஸ்... டர்... குப்பு... சாமி... ஸ்திரீ... பார்ட்." பிறகு திருப்பிக் காட்டினார். "பின்னாடி ஒண்ணும் இல்ல. குடுத்தவன் பேரு எதுக்கு?" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் ஊசியைத் திறந்து உன் நெஞ்சுப் பக்கம் கையைக் கொண்டுவந்தார்.

நீ ஓர் அடி பின்னால் போனாய்.

ஒரே ஓர் அடி. இரண்டு கையும் தானாக மாரை மறைத்தன. எந்த ஆண்பிள்ளையும் அப்படிப் போகமாட்டான். ராஜாவின் கத்திக்கும் அரக்கனுக்கும் பயப்படாமல் நடித்தவள் ஒரு கிழவரின் விரலுக்குப் பயந்தாய். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "பையன் வெக்கப்படறான்டா!" என்று யாரோ கத்தினார்கள். சாயபு மட்டும் சிரிக்கவில்லை. கையைத் தாழ்த்தினார். "பரவாயில்ல பேட்டா, கையில வாங்கிக்கோ" என்று உன் உள்ளங்கையில் மெடலை வைத்தார்.

இன்னொரு ஆளும் சிரிக்கவில்லை. உன் பக்கத்தில் ராஜா வேஷத்தில் நின்றவன். அவன் உன்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

இந்த அறையில் கிடந்தபோது நீ சொன்னாய்: மறுநாளே அவன் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நோட்ட குடு, நான் வாய மூடிக்கறேன்" என்றான். நீ கொடுத்தாய். எப்படிக் கொடுத்தாய் அக்கா? கொடுத்தும் அவன் வாயை மூடவில்லை. ஒன்ஸ்மோர் உனக்குக் கிடைப்பதும் அவனுக்குப் பொறுக்கவில்லை, நோட்டுக்குச் சொந்தக்காரி இருப்பதும் பொறுக்கவில்லை. எட்டாவது நாள் பெரியப்பாவை வேஷம் கட்டும் அறைக்குக் கூட்டிப் போய், "ஒங்க பொண்ணு. சத்தமில்லாம கூட்டிக்கினு போங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னான். கம்பெனியில் பையன் ஓடிப்போய்விட்டான் என்று சொல்லிவிட்டான். பெரியப்பாவுக்கு அவன் இன்றைக்கும் தெய்வம். மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவன்.

முகத்தில் அரிதாரத்தோடு கொல்லைப்புற வழியாக உன்னைக் கொண்டுவந்து இங்கே தள்ளினார். மூன்றாம் நாள் காய்ச்சல். அம்மா அவர் காலில் விழுந்தாள். "மச்சான், வைத்தியர கூப்பிடுங்க. வேலூருக்காவது தூக்கிக்கினு போலாம்."

"வைத்தியன் வந்தா மொட்ட போட்ட தலையில கிராப்பு எப்படின்னு கேப்பான். இன்னான்னு சொல்றது? படுத்து கெடந்தா தானா எறங்கும்."

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெரியப்பா டேனரிக்குப் போயிருந்த நேரம் நான் கஞ்சி கொண்டுவந்தேன். நீ சாக்குக்கு அடியிலிருந்து மெடலை எடுத்து என் கையில் வைத்தாய். கை நெருப்பாகச் சுட்டது. "மசூதித் தெரு தெரியுமில்ல? கடைசி வூடு, பச்ச கதவு. இத காட்டு. அந்த மனுசன் வைத்தியர அனுப்புவாரு."

நான் போனேன். தெரு முனைவரைக்கும் போனேன். பச்சைக் கதவுக்கு முன்னால் ஜட்கா வண்டி நின்றது, பெரிய பெரிய ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். என்னையும் இந்த அறையில் போடுவார் என்று நினைத்தேன். திரும்பி ஓடிவந்துவிட்டேன்.

"சாயபு ஊர்ல இல்லியாம்" என்று உன்னிடம் சொன்னேன்.

"பரவாயில்ல. நாளைக்குப் போ" என்றாய்.

மறுநாளும் நான் போகவில்லை. அதற்கு மறுநாள் விடிவதற்குள் நீ இல்லை. திருப்பத்தூரிலிருந்து காய்ச்சலோடு வந்தாள், வந்த மறுநாளே போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். தலையில் துணி சுற்றித்தான் கொண்டுபோனார்கள்.

போன சனிக்கிழமை எங்களையும் படத்துக்குக் கூட்டிப்போனார். ராஜபார்ட்தான் கதாநாயகன். இப்போது அவன் சினிமாக்காரன், கதையும் பாட்டும்கூட அவன் என்றுதான் திரையில் பெரிய எழுத்தில் போடுகிறான். உன் நோட்டு அப்படியே ஓடியது அக்கா. கொசுவம் தப்பாகக் கட்டுவது, வாத்தியார் 'நெளிவு பத்தல' என்பது, எல்லாம். மெடல்கூட இருக்கிறது. அது உன் நோட்டில் இல்லாதது, அவன் கண்ணால் பார்த்தது. ஆனால் அதில் மெடல் குத்த வருகிற பெரியவர் தொப்பை குலுங்க அந்தப் பெண்ணை மேடை முழுக்கத் துரத்துகிறார், மிருதங்கம் டம் டம் என்று அடிக்கிறது. உனக்கு மரியாதை கொடுத்த ஒரே ஆளையும் கோமாளி ஆக்கிவிட்டான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "ஐயே, அவ ஓடறத பாருடி!" என்று என் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தாள். பெரியப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பது தனியாகக் கேட்டது.

படத்தில் நீ சாகவில்லை. வேஷம் கலைந்ததும் அவன் காலில் விழுகிறாய், அவன் மன்னித்து உன்னைக் கல்யாணம் செய்துகொள்கிறான். மாலையும் கழுத்துமாக நீ வெட்கப்படும்போது சுபம் என்று போடுகிறார்கள்.

அரண்மனையும் யானையும் இருக்கிற ஊரில் நடக்கிற கதை அது. அந்த ஊரில் பட்டை மண்டி எதற்கு? அங்கே யார் ஆவாரம்பட்டை வாங்கித் தோல் பதனிடுகிறார்கள்? ஏதோ கடைத்தெரு என்று நினைத்துக்கொண்டு எழுதியதை எழுதியபடியே பாடிவிட்டான். இந்த ஜனங்களுக்காவது தோன்ற வேண்டாமா? அவர்கள் விசில் அடித்தார்கள். "நம்ம ஊரு பட்ட மண்டிய சினிமாவுல சொல்லிட்டாம்பா!" என்று பெருமை தாங்கவில்லை. அதற்காகத்தான் அவனுக்கு நாளைக்குப் பாராட்டு விழா. வரவேற்புக் கமிட்டியில் பெரியப்பாவும் இருக்கிறார். பொன்முலாம் பூசிய மெடல் குத்தப்போகிறவர் அதே சாயபு, ஊருக்கே மூத்தவர் என்பதால். இன்னும் படம் பார்க்கவில்லையாம், பாவம்.

தாம்பாளத்தில் மெடலை எடுத்துக்கொண்டு மேடையில் நடந்துபோக எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெண் வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியை என்னைக் காட்டினார். "நீ நிமிர்ந்து நடப்ப. தட்டு ஆடாது." நான் யாரிடம் நடக்கக் கற்றேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மேடைக்குப் பின்னால் தட்டு என் கையில் வந்ததும் புது மெடலை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வேன். அந்த வெல்வெட் பெட்டியில் உன்னுடையதை வைப்பேன். சாயபு வழக்கம்போலக் கண்ணாடியைப் போட்டு, மைக்கில், எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒரு வார்த்தை என்னவென்று அவருக்குப் புரிவதற்குள் அது ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். மாஸ்டர் குப்புசாமி, ஸ்திரீபார்ட். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற மேஸ்திரி குப்புசாமியும் கேட்பார். பிறகு சாயபு மெடலைத் திருப்புவார். பின்பக்கம் இப்போது காலியாக இல்லை. காம்பஸ் ஊசியால் கீறிக்கொண்டிருக்கிறேன். 'இவள் பெண். பாட்டு இவளுடையது.' அதற்குக் கீழே உன் நிஜப் பேர். நாலு வரி எழுதுவது, இரண்டு எழுத்துக் கீறுவது என்று இவ்வளவு நேரமாக அதைத்தான் செய்கிறேன். வெள்ளி என்றாலும் கெட்டி. ஊசி வழுக்கி ஒரு கோடு கோணலாகப் போய்விட்டது, விரலில் ரத்தம். பரவாயில்லை, படிக்க முடிகிறது.

எனக்கு அவன் சாக வேண்டாம். ஜெயிலுக்குப் போக வேண்டாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெடலுக்காக நிற்பான் இல்லையா? சாயபு படித்து முடித்து ஊசியோடு கையை நீட்டும்போது அவன் ஓர் அடி பின்னால் போக வேண்டும். நீ போன அதே ஓர் அடி. அதை ஊர் பார்க்க வேண்டும். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கக் கூடாது. பெரியப்பா தன் மீசையைத் தடவ முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் நான் பக்கத்திலிருந்து கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

அம்மாவை நினைத்துத்தான் தயங்கினேன். சாயங்காலம் அவளிடம் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டாள். பிறகு டிரங்குப் பெட்டியில் எங்கள் இரண்டு பேர் துணியையும் எடுத்து மடித்து வைத்தாள்.

உன் நோட்டு என்னிடம் இல்லை. உன் முகமும் நாளாக ஆக மங்குகிறது. என்னிடம் இருப்பது அந்தப் பச்சைக் கதவும் நான் சொன்ன பொய்யும்தான். ஐந்து வருஷமாக அதைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறேன். நாளைக்குப் போ என்றாய். அந்த நாளை இதோ வந்துவிட்டது அக்கா. சாயபுவிடம் மெடலைக் காட்டப்போகிறேன். வைத்தியர் வருவதற்குத்தான் இனி

கதவு தட்டுகிறது.

அம்மா தட்டமாட்டாள், கூப்பிடுவாள். பெரியப்பாதான். "இன்னா சொரண்ற அங்க? இன்னா சத்தம்? தொற!" என்கிறார். மறுபடி தட்டுகிறார். விளக்கு நடுங்குகிறது.

கடைசி எழுத்து பாக்கி இருந்தது. இப்போது கீறிவிட்டேன். உன் பேர் முழுசாக இருக்கிறது.

தாழ்ப்பாள் இப்போது உள்ளே இருக்கிறது. தட்டட்டும்.